நூலில் மிச்சம், குயில்ட்டில் நட்டம்: வீட்டுத் தையலுக்கு ஏற்ற நூலும் முறையும்

ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து கழிந்து வரும் வெட்டுத் துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி விற்பது எமது வியாபாரிகள் பலருக்குப் பழகிய தொழிலாகும். அத்துண்டுகளை அப்படியே கைமாற்றி விடாமல், வீடுகளில் மெஷின் வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்து குயில்ட்டாகவும் குழந்தை விரிப்பாகவும் பஞ்சு வைத்த முஸல்லாவாகவும் தைத்து எடுத்தால் இலாபம் கூடும் என்பதும் பலர் அறிந்த விடயமே. நுவரெலியா, அப்புத்தளை, எல்ல போன்ற குளிர்ப் பிரதேசங்களின் விடுதிகளுக்கு இவை தேவைப்படுகின்றன. குளிரூட்டிய அறைகளுக்கென்று கொழும்பிலும் கேட்டு வருகிறார்கள்.

துணியைப் பற்றி எம்மவர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விரலால் தொட்டவுடனேயே பருத்தியா, கலப்பா, எத்தனை தடவை கழுவினால் சாயம் போகும் என்று சொல்லி விடுவார்கள். ஆனால் நூல் என்று வந்ததும் "நிறம் பொருந்தினால் போதும்" என்று விட்டு விடுகிறார்கள். நட்டம் ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

எமக்கு நன்கு தெரிந்த மலைநாட்டு வியாபாரி ஒருவர், விடுதியொன்றுக்கு நாற்பது குயில்ட்டுகள் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். துணியும் உட்பஞ்சும் அவர் கொடுத்தார். நூலைத் தைப்பவர்களே வாங்கிக் கொள்ள வேண்டும் என்பது பேச்சு. வெள்ளைத் துணியில் கடுஞ்சிவப்பு நூலால் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தது. பார்ப்பதற்கு அழகாகவும் இருந்தது. முதற் சலவையிலேயே சிவப்பு கசிந்து வெள்ளை முழுவதும் இளஞ்சிவப்பாகிப் போனது. சில இடங்களில் நூல் அறுந்து பஞ்சு ஓரமாக ஒதுங்கிக் கட்டியாகியிருந்தது. நாற்பதும் திரும்பி வந்தன. தைத்த பெண்மணியிடம் போய் இவர் கோபப்பட்டபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "நானா, நீங்க ஒரு துண்டுக்குத் தாற காசில நல்ல நூல் வாங்கினா, எனக்கு என்ன மிஞ்சும்?"

அந்தக் கேள்விக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருவோம். முதலில் நூலைப் பார்ப்போம்.

சட்டைத் தையலும் குயில்ட் தையலும்

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சுப் படை, அடித்துணி என மூன்றையும் ஒன்றாக வைத்து, பரப்பு முழுவதும் தையல் ஓட்டி இணைப்பதாகும். சட்டையில் தையல் இருப்பது ஓரங்களில் மாத்திரமே. அது பெரும்பாலும் உள்ளே மறைந்துவிடும். குயில்ட்டிலோ தையல் முகத்திலேயே இருக்கின்றது. ஒருவர் படுத்துப் புரளும்போதும், இழுத்துப் போர்த்தும்போதும், சலவை இயந்திரத்தில் நனைந்து பாரமாகிச் சுழலும்போதும் அந்த இழுவை முழுவதையும் தாங்குவது நூலேயாகும். நூல் அறுந்தால் பஞ்சு நகரும். பஞ்சு நகர்ந்த குயில்ட்டைத் திருத்த முடியாது.

பஞ்சு எவ்வளவு தூரத்துக்குத் தையலின்றி நிற்கும் என்பது பஞ்சுப் படையின் வகையைப் பொறுத்தது. நல்ல வாடிங் உறைகளில் அந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு 8 அல்லது 10 அங்குல இடைவெளி விடலாம். இழைகள் நன்கு பிணையாத மலிவான பஞ்சுக்கு 3 அல்லது 4 அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும். உறையில்லாமல் சுருளாக வாங்குபவர்கள் குறைந்த இடைவெளியையே பின்பற்றுவது நல்லது.

இலக்கங்களின் குழப்பம்

நூல் வாங்கும்போது பலரைக் குழப்புவது அதன் மேல் போட்டிருக்கும் இலக்கமாகும். ஒரு கோனில் 40/2 என்றிருக்கும். இன்னொன்றில் 120 என்று மட்டும் இருக்கும். வெளிநாட்டு ரீலில் 50 என்றிருக்கும். வேறொன்றில் டெக்ஸ் 27 என்றிருக்கும். இவை எல்லாம் வெவ்வேறு அளவுகோல்கள். இறாத்தலையும் கிலோவையும் போலத்தான்.

இவற்றில் மிக இலகுவானது டெக்ஸ். ஆயிரம் மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கின்றதோ அதுவே டெக்ஸ். டெக்ஸ் 30 என்றால் ஆயிரம் மீற்றர் 30 கிராம். எனவே டெக்ஸ் கூடக்கூட நூல் தடிக்கும். மற்ற அளவுகோல்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் இலக்கம் கூடக்கூட நூல் மெலியும். குயில்ட் நூல் ரீல்களில் 40, 50 என்று எழுதும் எடை இலக்கம், ஒரு கிலோ நூலில் எத்தனை கிலோமீற்றர் இருக்கின்றது என்பதைக் காட்டுவதாகும். 40 என்றால் கிலோவுக்கு 40 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் டெக்ஸ் 25 வரும். தொழிற்சாலைப் பொலியெஸ்டர் நூலில் வரும் டிக்கட் இலக்கத்தை, மூவாயிரத்தை அந்த இலக்கத்தால் பிரித்து டெக்ஸாக மாற்றலாம். டிக்கட் 120 என்றால் டெக்ஸ் 25. டிக்கட் 80 என்றால் ஏறத்தாழ 37.

40/2, 50/3 என்று சாய்கோடு போட்டு எழுதியிருந்தால் முதல் எண் ஒரு புரியின் மென்மை, இரண்டாவது எண் எத்தனை புரிகளை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்பது. இங்கே ஒரு பொறி உண்டு. 50/2 உம் 50/3 உம் "ஐம்பதாம் நம்பர்" என்றே கடையில் சொல்லப்படும். ஆனால் முதலாவது டெக்ஸ் 24 அளவு. இரண்டாவது 35. இரண்டுக்கும் ஒரே ஊசியும் ஒரே இறுக்கமும் வைத்தால் ஒன்று அறும், அல்லது மற்றது தளரும்.

எமது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 40/2 ஸ்பன் பொலியெஸ்டர் டெக்ஸ் 30 அளவானது. குயில்ட் மேல் தையலுக்கு இது தாராளமாகப் போதும். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு அதைவிடச் சற்று மெல்லியது, அதாவது 50/2 அளவானது சிறந்தது. தடித்த நூல் கால் அங்குல மடிப்புக்குள் இடம் பிடித்துக் கொள்ளும். ஒரு துண்டில் அது தெரியாது. பத்துத் துண்டுகளைச் சேர்த்து அளந்தால் ஓரம் கோணலாகியிருக்கும். தையல் துருத்தித் தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் மாத்திரம் 20/2 போன்ற தடித்த நூலுக்குச் செல்லலாம். அப்போதும் அதை மேலே மட்டும் போட்டு, பொபினில் மெல்லிய நூலைச் சுற்றுவதே வழக்கம்.

நிறுத்துப் பாருங்கள்

டெக்ஸ் தெரிந்த வியாபாரிக்கு இன்னுமொரு நன்மையுண்டு. கோனில் எழுதிய நீளம் உண்மையில் இருக்கின்றதா என்று தராசில் வைத்தே கண்டுபிடித்து விடலாம்.

5000 யார் என்றால் 4572 மீற்றர். 40/2 நூலில் அந்த நீளம் ஏறத்தாழ 135 கிராம் நிறுக்க வேண்டும். அதே வகை வெற்றுக் கோன் ஒன்றை நிறுத்துக் கழித்துப் பாருங்கள். மிகுதி 100 கிராம்தான் வருகின்றது என்றால், உங்களுக்குக் கிடைத்திருப்பது 3700 யார் மாத்திரமே. அல்லது நூல் எழுதியதை விட மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நீங்கள் கொடுத்த காசுக்குப் பொருள் வரவில்லை. ஈரப்பதன் காரணமாகவும் சாய வேறுபாட்டாலும் சில கிராம்கள் கூடிக் குறையலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. யாருக்கும் மீற்றருக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். 1000 யார் ரீலில் 914 மீற்றர்தான் உண்டு. விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வராமல் பேரம் பேசுவது வீண்.

பருத்தியா, பொலியெஸ்டரா?

பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான் போட வேண்டும், பொலியெஸ்டர் நூல் காலப்போக்கில் துணியை அறுத்துவிடும் என்று பழைய தையற்காரர்கள் சொல்வதுண்டு. மேற்கு நாடுகளில் குயில்ட் தைப்போரிடமும் இதே பேச்சு இருக்கின்றது. எமது அபிப்பிராயத்தில் இது மிகைப்படுத்தப்பட்ட அச்சமாகும். இன்றைய நல்ல ஸ்பன் பொலியெஸ்டர், துணியை விடத் தடிப்பாக இல்லாதவரை அதை அறுப்பதில்லை. விடுதிச் சலவைக்குப் போகும் பொருளுக்கு அதன் வலிமையே தேவை.

என்றாலும் பருத்தி நூலுக்கு ஓர் அழகுண்டு. அதன் மங்கிய மினுமினுப்பு பருத்தித் துணியோடு ஒத்துப் போகும். ஏற்றுமதிக்கும் உல்லாசப் பிரயாணிகளின் கடைகளுக்கும் கொடுக்கும் உயர்தரக் குயில்ட்டில் "முழுவதும் பருத்தி" என்று அட்டை தொங்கவிட வேண்டுமானால் நூலும் பருத்தியாகவே இருக்க வேண்டும். அதில் பொலியெஸ்டர் நூலைப் போட்டு விட்டு அப்படி எழுதுவது பொய். பருத்தி வாங்கினால் மேர்சரைஸ் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் 1850 இல் காப்புரிமை பெற்ற இந்த முறையில் நூலைக் காரக் கரைசலில் பதப்படுத்துவார்கள். அதனால் வலிமையும் மினுக்கமும் கூடும், சாயமும் நன்கு பிடிக்கும். பருத்தி நூல் தூசியை உதிர்க்கும் என்பதால் பொபின் பகுதியை அடிக்கடி தூரிகையால் துடைக்க வேண்டும்.

நடுவே பொலியெஸ்டர், சுற்றிவரப் பருத்தி என்று வரும் கோர் ஸ்பன் நூலும் உண்டு. நல்லதுதான். ஆனால் விலை கூடியது. மீன் நரம்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூலை எந்த நிறத்துக்கும் பொருந்தும் என்று சிலர் விரும்புகிறார்கள். அது வெயில் பட்டால் மஞ்சளித்து இறுகும், சூடான அயனுக்கும் தாங்காது. குழந்தை விரிப்புக்கு அதைப் போடவே கூடாது. அறுந்த நுனி குத்தும். கையால் குயில்ட் தைப்பதற்கென்று மெழுகோ பசையோ பூசி வரும் நூலும் மெஷினுக்கு ஆகாது. பூச்சு உரிந்து இறுக்கத் தட்டுகளுக்கிடையில் படியும்.

எரித்துப் பார்ப்பது எல்லோரும் அறிந்த சோதனையே. பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் கரும்புகையோடு உருகிக் கடினமான மணியாகத் திரளும். அதைவிட முக்கியம் சாயச் சோதனை. கடும் நிற நூலை ஒரு முழ நீளம் எடுத்து, சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். ஈரத்தோடே வெள்ளைப் பருத்தித் துணிக்குள் மடித்து வைத்துச் சூடான அயனால் அழுத்துங்கள். வெள்ளையில் கோடு விழுந்தால் அந்தக் கோனைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் சோதிக்காமல் வாங்கவே வேண்டாம். மேலே சொன்ன நாற்பது குயில்ட்டுகளையும் இந்த அரை மணித்தியாலம் காப்பாற்றியிருக்கும்.

இன்னொன்று. கடைக் கண்ணாடியில் மாதக் கணக்கில் வெயில் பட்ட நூலையும், ஈரக்கசிவுள்ள களஞ்சியத்தில் கிடந்த பழைய பருத்தி நூலையும் "பாதி விலை" என்று வாங்காதீர்கள். ஒரு முழத்தை இரு கைகளிலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் ஒரு வெடுக்கோடு அறும். உழுத்த நூல் சத்தமின்றிப் பிரியும்.

ஊசியை மறந்து விடுகிறோம்

நூல் அறுகின்றது என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவற்றுக்கு ஊசியே காரணமாகும். ஊசியில் 90/14 என்றிருந்தால் 90 என்பது தண்டின் விட்டம், அதாவது 0.9 மில்லிமீற்றர். துண்டுகளைப் பொருத்த 75/11 அல்லது 80/12 போதும். மூன்று படைகளையும் சேர்த்துத் தைக்கும்போது 90/14 தேவை. தடித்த நூலுக்கு 100/16. காது சிறிதாயிருந்தால் நூல் ஒவ்வொரு தையலிலும் உராய்ந்து தேயும். தைத்த நூலைப் பிரித்துப் பார்த்தால் பஞ்சு பறந்தது போலிருக்கும். மேல் தையலுக்கென்றே பெரிய காதுள்ள ஊசி வருகின்றது. அது கிடைத்தால் எடுத்துக் கொள்ளுங்கள்.

தொழிற்சாலை மெஷினின் ஊசித்தண்டு வட்டமானது. வீட்டு மெஷின் ஊசியின் ஒரு பக்கம் தட்டையானது. மொத்தமாக வாங்கிக் கொடுப்பவர்கள் இதை மாற்றி வாங்கிவிடுவதுண்டு. ஒரு குயில்ட்டுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வையுங்கள். எட்டு மணித்தியாலம் ஓடிய ஊசி வெளித்தோற்றத்துக்குப் புதிதாகவே இருக்கும். முனை மழுங்கியிருக்கும்.

தையல் முறை

1877 இலேயே சிங்கர் இந்நாட்டுக்கு வந்துவிட்டது. எமது வீடுகளில் இன்றும் கறுப்புத் தலை மெஷின்கள் ஓடுகின்றன. குயில்ட்டுக்கு இவை கெட்டவையல்ல. நேர்த்தையல் மாத்திரமே போடும் அந்த மெஷின்களின் தையல் பல புதிய பிளாஸ்டிக் மெஷின்களை விடச் சீரானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியைத் தள்ளுகின்றன. மேலுள்ள பாதமோ மேல்துணியை அழுத்திப் பிடிக்கின்றது. இடையில் பஞ்சு இருப்பதால் மேல்துணி பின்தங்கி, கடைசியில் சுருக்கமாக வந்து நிற்கும். இதற்கு வோக்கிங் ஃபுட் எனப்படும், மேலேயும் பற்கள் வைத்து நடக்கும் பாதம் கிடைக்கின்றது. நேர்க்கோட்டுத் தையலுக்கு அது பெரிய உதவி. உங்களுக்காகத் தொடர்ந்து தைக்கும் ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுப்பது செலவல்ல, முதலீடு. வாங்குமுன் மெஷினின் பாதத் தண்டு உயரமானதா, தாழ்வானதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

பூ, கொடி போன்ற வளைவுகளைத் தைப்பதற்குப் பற்களைக் கீழிறக்கி, துள்ளும் பாதம் போட்டு, துணியைக் கையாலேயே நகர்த்த வேண்டும். பழைய மெஷின்கள் சிலவற்றில் பற்களை இறக்கும் வசதி இருக்காது. ஒரு தகட்டால் மூடி, தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைத்தால் வேலை நடக்கும். கையின் வேகமும் மெஷினின் வேகமும் ஒத்துப் போக வாரக் கணக்கில் பழக வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் இந்த வேலையைக் கேட்காதீர்கள். நேர்க்கோடும் கட்டமும் விற்கும்.

தைக்குமுன் மூன்று படைகளையும் விரித்து, அடித்துணியை நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு, சேப்டி பின்களால் ஒரு கைப்பிடி அகலத்துக்கொன்றாகக் குத்த வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பின்னர் அடியில் மடிப்பு விழும். தையலை எப்போதும் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிஞ்சிய துணியெல்லாம் நடுவில் குவிந்துவிடும்.

தையல் நீளம் அங்குலத்துக்கு 8 முதல் 10 வரை இருக்கட்டும். சட்டைக்குப் பழகிய கை 12, 14 என்று நெருக்கித் தைக்கும். அது துணியைத் துளைத்துப் பலவீனமாக்கும், குயில்ட்டும் அட்டை போல் விறைக்கும்.

நூல் இறுக்கத்தைப் பற்றி ஒரே விடயத்தை நினைவில் வைத்தால் போதும். மேல் நூலும் பொபின் நூலும் கொளுவும் முடிச்சு நடுப் பஞ்சுக்குள் மறைய வேண்டும். பொபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கம் அதிகம். அடியில் வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் பொபினைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தவறு மேலேதான். பாதத்தைக் கீழிறக்கியபடி நூல் கோர்த்தால் இறுக்கத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்குள் போகாது. பாதத்தைத் தூக்கி வைத்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். பொபின் பெட்டியைச் சோதிக்க, அதை நூலில் தொங்கவிட்டுக் கையை இலேசாக உதறுங்கள். ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் இறங்கி நின்றால் சரி. தடதடவென்று தரைக்கு இறங்கினால் தளர்வு. அசையாமல் தொங்கினால் இறுக்கம்.

பெரிய கோனை வீட்டு மெஷினின் சிறிய கம்பியில் சொருகித் தைப்பது அறுந்து போவதற்கு இன்னொரு காரணம். கோன் நூல் நேர் மேலே எழும்பி வர வேண்டும். கோனின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில் ஒரு வளையம் வைத்த தாங்கி தேவை. பலகையும் கம்பியும் இருந்தால் வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

துணி சுருங்குவதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். பருத்திப் பஞ்சுப் படை முதற் சலவையில் 3 முதல் 5 வீதம் வரை சுருங்கலாம். 90 அங்குலக் குயில்ட்டில் 5 வீதம் என்பது நாலரை அங்குலம். விடுதிக்காரர் கட்டிலை அளந்து கேட்டிருந்தால் அது பெரிய குறை. பொலியெஸ்டர் வாடிங் சுருங்காது, ஆனால் சூடான அயனைத் தாங்காது.

யார் வாங்குவது?

இனி அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம்.

60 அங்குல அகலம், 90 அங்குல நீளமுள்ள ஒற்றைக் கட்டில் குயில்ட் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 6 அங்குலத் துண்டுகளால் ஆனது. 3 அங்குலத்துக்கொரு கோடாக நெடுக்கும் குறுக்கும் தைத்தால் ஏறத்தாழ 100 யார் நீளத்துக்குத் தையல் ஓடும். மேல் நூல், பொபின் நூல் இரண்டும் சேர்ந்து, தடிப்பான மூன்று படைகளில் தையல் நீளத்தைப் போல் மூன்று மடங்கு நூல் போகும். அது 300 யார். துண்டுகளைப் பொருத்தவும் ஓரப்பட்டி அடிக்கவும் வீணாகும் நுனிகளுக்கும் இன்னும் 200 யார் வையுங்கள். ஆக 500 யார். 5000 யார் கோனில் பத்துக் குயில்ட் வரும்.

மலிவான கோனுக்கும் தரமான கோனுக்கும் 300 ரூபா வித்தியாசம் என்று வைத்துக் கொண்டாலும், ஒரு குயில்ட்டுக்கு 30 ரூபாதான். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 100 யார் தையலில், அங்குலத்துக்குப் பத்து வீதம், 36,000 தையல்கள் இருக்கின்றன. நூல் பிழைத்தால் அவ்வளவையும் பிரிக்க வேண்டும். அதற்குரிய நாட்கூலியை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. பெரும்பாலும் தைத்தவரின் தலையிலேயே அது விழுகின்றது.

துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நூலையும் அதற்குள்ளேயே அடக்கிவிடும் வழக்கம் எம்மிடையே பரவலாக இருக்கின்றது. வியாபாரிக்கு அது கணக்கைச் சுருக்குகின்றது என்பது உண்மையே. ஆனால் 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது என்ன நடந்தது? இறக்குமதி நூலின் விலையும் சேர்ந்தே ஏறியது. துண்டுக் கூலியை எத்தனை பேர் அந்த அளவுக்கு உயர்த்தினோம்? தைப்பவர் தன் உழைப்புக்குரிய காசில் எங்கே குறைப்பார்? துணியிலும் பஞ்சிலும் குறைக்க முடியாது, அவை உங்களுடையவை. நூலில்தான் குறைப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

எனவே நூலையும் ஊசியையும் வியாபாரியே வாங்கிக் கொடுப்பதே முறை என்பது எமது கருத்தாகும். ஒரே சாயத் தொகுதியில் மொத்தமாக வாங்கலாம். கோனின் உள்ளே அல்லது லேபலில் இருக்கும் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைத்தால் நாற்பது குயில்ட்டும் ஒரே நிறத்தில் வரும். ஐந்து வீட்டில் ஐந்து பேர் வாங்கும் "அதே சிவப்பு" ஒருபோதும் ஒரே சிவப்பாக இருப்பதில்லை. நூலைக் கொடுக்கும்போது கோனை நிறுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்து வாங்கலாம். 500 யார் 40/2 நூல் பதின்மூன்று, பதினான்கு கிராம். சமையலறை இலத்திரனியல் தராசு போதுமானது. இதில் சந்தேகப்படுவதற்கு எதுவுமில்லை. இருவருக்கும் கணக்குத் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

மேலே குறிப்பிட்ட வியாபாரி இப்போது அப்படித்தான் செய்கிறார். புதிய ஒப்பந்தம் ஒன்று வந்தால் முதலில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு மாதிரி தைத்து வாங்குகிறார். அதே துணி, அதே பஞ்சு, அதே நூல். அதைத் தன் வீட்டு மெஷினில் சூடான நீரில் மூன்று தடவை கழுவி, காய வைத்து, அளந்து பார்க்கிறார். தையலின் நுனியில் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். அதன் பிறகே விடுதிக்காரருக்கு விலை சொல்கிறார். கழுவிய அந்த மாதிரியையும் கழுவாத ஒன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைப்பதாகவும், விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டி வருவதில்லை என்றும் எம்மிடம் கூறினார். இளஞ்சிவப்பாகிப் போன நாற்பதில் ஒன்று மட்டும் இன்னும் அவரது கடைக் கதிரையில் கிடக்கின்றது. மற்றவை எப்படி விற்றன என்று கேட்டோம். விற்கவில்லையாம். தைத்த வீடுகளுக்கே கொடுத்துவிட்டாராம், கூலியோடு.